பீர் விளையாட்டு: ஒரு மதிப்பீடு

வழங்கல் சங்கிலி மேலாண்மை பயில வரும் மாணவர்களுக்குப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தொடக்கத்திலேயே ஒரு விளையாட்டு வைக்கிறார்கள். அதன் பெயர் ‘பீர் விளையாட்டு’. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் 1960-களில் உருவாக்கியது இது. பெயரில்தான் பீர். நான் என் வகுப்பில் தீப்பெட்டிகளை வைத்தே ஆடச் செய்தேன்.

சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர். ஒவ்வொருவரும் வாரந்தோறும் தமக்கு மேலுள்ளவரிடம் சரக்குக் கேட்டுச் சீட்டு அனுப்புவர். சரக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். தம்முள் பேசக்கூடாது. தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு. கொடுக்க முடியாமல் பாக்கி நின்றால் ஒரு டாலர். நுகர்வோர் முதலில் வாரம் 4 பெட்டி கேட்கின்றனர். ஐந்தாம் வாரம் முதல் 8. பிறகு மாற்றமே இல்லை.

ஆயினும் ஆலையை நெருங்க நெருங்க ஏற்ற இறக்கம் பெருகுகிறது. முதலில் பற்றாக்குறை, பின்னர் மலைபோல் தேக்கம்! குளியலறையில் வெந்நீர் வரத் தாமதமானால் குழாயை மேலும் திருகிப் பிறகு சுட்டுக்கொள்கிறோமல்லவா? அதே கதைதான். விளைவு தாமதமாகத் தெரியவரும் அமைப்பில் அலைவு எழுவது இயல்பு. ஒரு சமன்பாடும் இன்றி இதை உணர்த்துவது இவ்விளையாட்டின் பெருஞ்சிறப்பு.

குறை எங்கே? கேட்டுவிட்டு இன்னும் வந்துசேராத சரக்கை ஆட்டக்காரர்கள் கணக்கில் சரிவரக் கொள்வதில்லை என்று ஜான் ஸ்டெர்மன் 1989-இல் காட்டினார். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. சரியாகச் சிந்திப்போரிடமும் இவ்வீக்கம் தோன்றும் என்று லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவர் 1997-இல் விளக்கினர். அவர்கள் கூறிய காரணங்கள் நான்கு: வரும் சீட்டைப் பார்த்து முன்கணிப்பை மாற்றுவது, செலவு குறைய மொத்தமாக வாங்குவது, விலைத் தள்ளுபடி, பங்கீட்டுக்கு அஞ்சி அதிகம் கேட்பது. இவற்றுள் பின்னைய மூன்றும் விளையாட்டில் இல்லவே இல்லை.

இது சிறு குறையன்று. என் வகுப்பில் ஆலையாக அமர்ந்த மாணவனை ஏனையோர் கேலி செய்தனர். அவன் மற்றவரைவிடப் பெரிதாகத் தவறவில்லை. அவனுக்கு வாய்த்த இடம் அப்படி. இவ்விளையாட்டோடு நின்றுவிடும் மாணவர், நாளை அலுவலில் அமர்ந்து, “பதற்றப்படாதீர்கள்” என்று ஆட்களுக்கு அறிவுரை கூறுவார். தள்ளுபடி முறையையும் லாரிக் கட்டணத்தையும் திருத்த நினைக்கமாட்டார்.

ஆகவே ஆசிரியர்கள் இரண்டாம் சுற்று ஒன்று நடத்தட்டும். அதில் பேச்சைத் தடுக்கும் விதியை எடுத்துவிட்டு, விலையையும் வண்டிக் கூலியையும் சேர்க்கட்டும். விதிகள் மாறும்போது அலை எப்படி மாறுகிறது என்று மாணவர் தாமே அளந்து பார்க்கட்டும். சோதனை என்பது அதுதானே!