இராமன் பிறப்போரையில் குரு–மதிச் சேர்க்கை: ஒரு மறுவாசிப்பு

தென் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில் குழந்தையின் சாதகம் கணிக்கும்போது ஒரு சிக்கல் எழுவதுண்டு. தமிழகத்திலிருந்து வருவிக்கப்படும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்றைக் கூற, வங்காளத்தில் வழங்கும் திருக்கணித முறை மற்றொன்றைக் கூறும். 2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். திருக்கணிதப்படி அவ்வாண்டு சனவரி 17 அன்றே சனி கும்பத்திற்குப் பெயர்ந்துவிட்டது. ஆதலின் கும்பத்தில் சூரியனும் சனியும் சேர்ந்து நிற்கும். வாக்கியப்படி அப்போது சனி மகரத்திலேயே இருந்தது. அங்குச் சேர்க்கை என்பதே இல்லை. சூரியனைத் தந்தையாகவும் சனியை அவனொடு பகைத்த மகனாகவும் கொள்ளும் மரபில், ஒரு கணக்கின்படி தந்தைக்கும் மகனுக்கும் முரண் விதிக்கப்படுகிறது. மற்றொரு கணக்கின்படி அவ்வீடு அமைதியாக இருக்கிறது. பலன் கூறுவோர் முதலில் எதனைப் படிக்கின்றனர், வானத்தையா, ஏட்டையா என்னும் வினா இங்குப் பிறக்கிறது.

இவ்வினாவிற்குக் கொல்கத்தா புதிதன்று. நோக்குக்கு ஒத்த கணிதத்தை வலியுறுத்தி விசுத்த சித்தாந்த பஞ்சிகா 1890இல் இந்நகரில் தோன்றியது. மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் செயலாளராக விளங்கியவரும் இந்நகரின் கணித அறிஞர் நிர்மல் சந்திர லாகிரியே. 1955இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையை ஒட்டிய அயனாம்சம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இலக்கியத்தில் பயிலும் கோட்சேர்க்கைகளுக்கும் இவ்வினாவை நீட்டிப் பார்த்தல் தகும். வான்மீகி இராமாயணப் பாலகாண்டத்தின் வழக்கிலுள்ள பாடம் இராமன் பிறப்பினைக் கூறுமிடத்துச் சித்திரைத் திங்கள், நவமித் திதி, புனர்பூச நாள், கடக இலக்கினம், ஐந்து கோள்கள் உச்சம், இலக்கினத்தில் மதியோடு கூடிய குரு என அடுக்கிச் செல்கிறது. குருவும் மதியும் கூடிய இந்நிலையைக் கசகேசரி யோகம் என்று போற்றி, இராமனின் அரசமேன்மைக்கு அதனையே காரணமாகக் காட்டும் சோதிட விளக்கங்கள் பல. கணினி மென்பொருளின் துணைகொண்டு கி.மு. 5114 சனவரி 10 என்று இராமனின் பிறந்தநாளைக் குறித்தோரும் உளர்.

இவ்வடுக்கு தன்னுள் பொருந்துவதா என்பதை எளிய கூட்டல் கழித்தலாலேயே அறியலாம். மேடத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணப் புனர்பூசம் 80 பாகையில் தொடங்கி 93 பாகை 20 கலையில் முடிகிறது. அதன் நான்காம் பாதம் மட்டுமே கடகத்தில் அமையும். நவமித் திதிக்கு மதி ஞாயிற்றைவிட 96 முதல் 108 பாகை வரை முன்சென்றிருத்தல் வேண்டும். ஞாயிறு உச்சம்பெற மேடத்தில் நின்றால், புனர்பூசத்து மதி மிகுதியாகச் சென்றாலும் 93 பாகை 20 கலையே முன்னிற்கும்; அது அட்டமியே அன்றி நவமியாகாது. நவமி வேண்டின் ஞாயிறு மீனத்திற்குப் பின்வாங்க வேண்டும். அப்போது உச்சம் நீங்கும். ஞாயிறு நீங்கினால் ஐந்து என்னும் எண்ணும் நீங்கும். மதி கடகத்தில் நிற்றலின் அதற்கு உச்சமில்லை. புதனோ ஞாயிற்றை விட்டு 28 பாகைக்குமேல் அகலாதாதலின் கன்னியை எட்ட இயலாது. (இராகு கேதுக்களுக்கு உச்சம் கூறுவோரிடையே கருத்தொற்றுமை இல்லை, அவற்றைக் கொண்டு எண்ணை நிரப்புதல் வலிந்து கொள்வதேயாம்.) எந்த அயனாம்சத்தைக் கொண்டாலும் இம்முரண் தீராது, ஏனெனில் ஞாயிறும் மதியும் சேர்ந்தே நகர்த்தப்படுகின்றன, இடைத்தொலைவு மாறுவதில்லை. எனவே இது கணித்தெழுதிய ஓரை அன்று. மேன்மைக் குறிகள் அனைத்தையும் ஒருங்கே திரட்டிய புகழ்ச்சி எனக் கொள்வதே பொருத்தம். இதனைக் கொண்டு ஆண்டு கணித்தல் பயனற்ற முயற்சி.

பலன் நோக்கில் பார்த்தாலும் இடர் உண்டு. பரதன் பூசத்திலும் இலக்குவன் ஆயிலியத்திலும் பிறந்தனர். இவ்விரு நாள்மீன்களும் கடகத்திற்கே உரியன. குரு ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ ஓராண்டு ஆகுமாதலின், இராமனுக்கு அமைந்த குரு–மதிச் சேர்க்கை இவ்விருவருக்கும் அப்படியே அமைகிறது. இலக்குவனுக்கு இலக்கினமும் கடகமே. சேர்க்கையும் அது நின்ற வீடும் ஒன்றாயிருக்க, ஒருவன் அரசனாகவும் மற்றவன் அவன்பின் உறங்காது சென்ற தம்பியாகவும் ஆனது எவ்வாறு? சேர்க்கையைத் தனித்தெடுத்துப் பலனுரைப்போர் இதற்கு விடை கூறியாக வேண்டும்.

கம்பர் இவ்விடத்தில் மேற்கொண்ட முறை கூர்ந்து நோக்கத்தக்கது. கோள்நிலையைக் கணக்காகத் தரும் பாடல் பதிப்புகளில் காணப்படினும், இராமன் பிறப்பையே உரைக்கும் பாடலில் குருவும் இல்லை, சேர்க்கையும் இல்லை. புனர்பூசமும் கடகமும் மட்டுமே வருகின்றன. அவையும் பலன் தருவனவாக அல்ல, மகிழ்ந்து துள்ளுவனவாக வருகின்றன. கோள் மனிதனை ஆட்டுவிக்கும் நிலை மாறி, பிறப்பின் பெருமையில் வானம் பங்குகொள்ளும் நிலை உருவாகிறது. இலக்குவனுக்கு ஆயிலியத்தையும் கடகத்தையும் பாம்பாகவும் நண்டாகவுமே காட்டி, அவை வாழ்வுபெறுவதாகப் பாடுகிறார். ஏவலால் ஆவது யோகமன்று, பிறப்பால் சிறப்பது நாள் என்பது இங்குத் தொனிக்கிறது.

இன்னொரு வேறுபாடும் சுட்டத்தக்கது. வான்மீகத்தில் இலக்குவனும் சத்துருக்கனும் ஆயிலியத்தில் கடக இலக்கினத்திலேயே பிறக்கின்றனர். கம்பர் சத்துருக்கனுக்கு மகத்தையும் சிம்மத்தையும் தருகிறார். இதனால் புனர்பூசம், பூசம், ஆயிலியம், மகம் என நான்கு மீன்களும் இடையறாது தொடர்கின்றன. மதி நாளுக்கொரு மீனாக நடக்க, அதன் ஒவ்வோர் அடியிலும் ஒரு மகன் பிறக்கிறான். முதல் மூவரும் கடகத்து மதியின்கீழ் நிற்க, நான்காமவனின் பிறப்பில் மதி அடுத்த வீட்டிற்குள் காலெடுத்து வைக்கிறது.