மொட்டை மாடிக்காகவே ரூம் போடலாம்!

மறுபடியும் அதே லாட்ஜில் ரூம் போட்டாச்சு! கல்யாணமோ காதுகுத்தோ, மதுரைக்கு யார் கூப்பிட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருக்கிற அந்தப் பழைய கட்டடம்தான். "மாட்டுத்தாவணிப் பக்கம் புதுசு புதுசா ஏசி ஓட்டல் வந்திருக்கே, உங்களுக்கு ஏன் இந்தப் புத்தி?" என்று வீட்டில் கேட்டார்கள். கேட்கட்டும்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியும் முன்னே ஜங்ஷனில் இறக்கிவிடுகிறது, "எங்க போகணும்ணே?" என்று ஆட்டோக்காரர்கள் சூழ்கிறார்கள், நான் கையை ஆட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டில் நுழைந்து ஒரே ஒரு திருப்பம், லாட்ஜ்!

லிஃப்டில் இன்னும் அதே இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. "நல்லா அழுத்துங்க சார்" என்று ரூம் பாய் சொல்ல, நானும் அழுத்த, கடகடவென்று அது கிளம்பியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டில் கொஞ்சம் கிரீச்சிடும், வெந்நீர் காலையில் மட்டும்தான். அதனால் என்ன குடி முழுகிவிட்டது? செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள், உள்ளங்காலில் ஏறுகிற சில்லிப்புக்கே வாடகை கொடுக்கலாம்!

மத்தியானம் விளக்குத்தூண் வரை நடந்து ஒரு ஜிகர்தண்டா. கடல்பாசி வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்க, திரும்பி வந்து ஒரு குட்டித் தூக்கம்.

சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஏறினேன் பாருங்கள்! லாட்ஜ் மீனாட்சி கோயிலுக்கு மேற்கே இருப்பதால் இறங்குவெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேரே மேலக் கோபுரத்தின் முகத்தில் அடிக்கிறது, சுதைப் பொம்மைகள் தட்டுத் தட்டாகப் பச்சையும் நீலமும் சிவப்புமாகப் பற்றிக்கொள்கின்றன, வலது கைப்பக்கம் 170 அடி உயரத் தெற்குக் கோபுரம், இடது பக்கம் வடக்கே இருக்கிற மொட்டைக் கோபுரம், நடுவே சின்டெக்ஸ் டேங்கும் டிஷ் ஆன்டெனாவும் காய்கிற லுங்கியும், கீழே இருந்து மல்லிகை வாசம், எங்கோ கொத்துப் பரோட்டா போடுகிற டக்கு டக்கு டக்கு, எதைப் பார்க்க, எதைக் கேட்க, ஐயோ, எனக்குத் தலைகால் புரியாமல் வாய்க்கு வந்த பாட்டைக் கத்திப் பாடியேவிட்டேன், பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்ப, அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொடர்ந்து பாடினேன்!

ராத்திரி கோயிலில் பள்ளியறை பூஜை. சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சன்னிதிக்குக் கிளம்புகிறார், மேளம் அதிர்கிறது, கூட்டத்தோடு நானும் ஓடுகிறேன். முடிந்ததும் கார் எங்கே, ஆட்டோ எங்கே என்ற கவலையே இல்லை. மேல மாசி வீதியில் ஆவி பறக்கிற இட்லியை விதவிதமான சட்னியில் முக்கி ஒரு பிடி பிடித்துவிட்டு நடந்தே ரூம். ஊரின் நெஞ்சாங்குழியில் படுத்துத் தூங்குகிற சுகம் பைபாஸ் ஓட்டலில் கிடைக்குமா, சொல்லுங்கள்?

நீங்கள் போனால் மேல்மாடியில் கிழக்குப் பார்த்த ரூமாகக் கேளுங்கள். சித்திரைத் திருவிழாச் சமயம் என்றால் ரொம்ப முன்னாலேயே சொல்லி வையுங்கள். அந்த மூலை ரூமை மட்டும் கேட்காதீர்கள், அது எனக்கு!