வீட்டு அடுப்பில் ஃபோ: கிடைப்பதும் கிடைக்காததும்

வியட்நாமின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்பான ஃபோ தெருவில் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாட்டின் வடக்கே நாம் தின் பகுதியிலும் ஹனோயிலும் அதைக் காவடியில் சுமந்து விற்றார்கள். பிரெஞ்சு ஆட்சியில் மாட்டிறைச்சிக்குக் கிராக்கி கூட, மலிவாக மிஞ்சிய எலும்புகள் சாறாயின. இன்றும் ஹனோய்க்காரர்களுக்கு அது காலையில் கடையில் உட்கார்ந்து சாப்பிடும் பண்டம்தான்.

அதை வீட்டு அடுப்பில் ஏற்றியதில் புலம்பெயர்வுக்குப் பெரும் பங்கு உண்டு. 1954இல் நாடு பிரிந்தபோது லட்சக்கணக்கானோர் தெற்கே போனார்கள். சைகோனில் முளைகட்டிய பயறும் துளசி வகையும் ஹாய்சின் சாஸும் ஃபோவோடு சேர்ந்தன. 1975க்குப் பிறகு அகதிகள் அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறினார்கள். அருகில் ஃபோ கடை இல்லாத ஊர்களில் வேண்டியவர்கள் தாங்களே சமைக்க வேண்டியிருந்தது. 1975இல் சிறுமியாகச் சைகோனை விட்டுச் சென்ற ஆண்ட்ரியா நுயென் 2017இல் ஃபோவுக்கென்றே ஒரு சமையல் நூல் எழுதினார். கடைக் குடும்பங்கள் கைமாற்றி வந்த தொழில், அளவும் நேரமும் குறித்த செய்முறையாக யாருக்கும் கிடைக்கிறது.

வீட்டுச் சமையலின் வலு சாற்றில் இருக்கிறது. நல்லி எலும்பையும் முட்டி எலும்பையும் சில நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டி, எலும்பைக் கழுவிப் புது நீரில் போட வேண்டும். ரத்தமும் கசடும் அப்போதே போய்விடும். பிறகு குறைந்தது மூன்று மணி நேரம், குமிழி மெல்ல எழும் தீயில் வேக வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரோடு கலந்து சாறு பால்போல் வெளுத்துவிடும். முட்டி எலும்பின் கொலாஜன் மெதுவாக ஜெலட்டினாகக் கரைந்து சாற்றுக்குக் கனம் தருகிறது; தணலில் சுட்ட வெங்காயமும் இஞ்சியும் இனிப்பையும் புகைமணத்தையும் சேர்க்கின்றன. இதற்கெல்லாம் பெரிய கொப்பரை வேண்டாம். பொறுமையும் கண்காணிப்பும் போதும். அவை வீட்டில் கிடைக்கும்.

எலும்பைக் குறைத்து மோனோசோடியம் குளூட்டமேட்டால் ஈடுகட்டும் கடைகள் உண்டு. அந்த உப்பை நஞ்சென்று ஒதுக்கத் தேவையில்லை. ஃபோவில் ஊற்றும் மீன் சாஸிலேயே குளூட்டமேட் இயல்பாக இருக்கிறது. ஆனால் நீர்த்த சாற்றின் வெறுமையை அது மூடிவிடும். வீட்டில் மூடி மறைக்க எதுவும் இல்லை.

சாற்றைத் தாண்டினால் வீடு பின்தங்குகிறது. வியட்நாமில் கடைக்கு அன்றன்று வரும் ஈர அரிசி நூடுல்ஸின் மென்மை காய்ந்த பாக்கெட்டில் வராது. நெஞ்சுக்கறி, கொழுப்புக்கறி, நரம்பு, பச்சைத் துண்டு எனக் கேட்டதைப் போட்டுத் தருவது நாள் முழுக்க விற்கும் கடைக்கே கட்டுப்படியாகும். பச்சை இறைச்சியைத் தாள்போல் சீவுவதும் எளிதல்ல. உறைபெட்டியில் கால் மணி நேரம் வைத்து இறுக்கிய பிறகே கத்தி படியும். அது கொதிக்கும் சாற்றின் சூட்டில் மட்டுமே வெந்தாக வேண்டும். கிண்ணமும் நூடுல்ஸும் ஆறியிருந்தால் கறி அரைவேக்காட்டில் நின்றுவிடும். எட்டுக் கிண்ணத்துக்கு இரண்டரைக் கிலோ எலும்பும் பல மணி நேர எரிவாயுவும் செலவாகும்போது, வீட்டு ஃபோவைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

மசாலாவில் நேரும் பிழை முழுக்கச் சமைப்பவர் கையில் உள்ளது. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கருப்பு ஏலக்காய் எல்லாம் பிரியாணிக்குப் பழகிய கைக்குத் தெரிந்தவை. அதனாலேயே அளவு மீறுகிறது. ஹனோய்ச் சாற்றில் முதலில் எழ வேண்டியது மாட்டிறைச்சியின் மணம். எட்டுக் கிண்ணத்துக்கு ஐந்து அன்னாசிப்பூ போதும். மசாலாவைத் துணியில் முடிந்து போட்டால், மணம் ஏறியதும் எடுத்துவிடலாம்.

நேரத்தைக் குறைக்க பிரஷர் குக்கர் உதவும். அதனுள் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸை எட்டுவதால் கொலாஜன் விரைந்து கரைகிறது. ஆனால் ஒவ்வொரு விசிலிலும் அழுத்தம் தளர்ந்து உள்ளே கொதிப்பு கிளம்பும். சாறு கலங்கும், மணமும் ஆவியோடு போகும். விசில் வராத சிறுதீயில் வைத்து, அழுத்தம் தானாக இறங்கும்வரை மூடியைத் திறக்காதிருந்தால் தெளிவு ஓரளவு காப்பாற்றப்படும்.

கடையின் பலகையில் உள்ள அத்தனை வகையையும் ஒரே நாளில் சமைக்கப் பார்ப்பதுதான் வீட்டு ஃபோவைப் பெரிதும் கெடுக்கிறது. வீட்டுக்கு ஏற்ற திட்டம் சிறியது: முதல் நாள் சாறு மட்டும், விரைவாக ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, மறுநாள் உறைந்து நிற்கும் கொழுப்பில் கொஞ்சம் விட்டு மீதியை வழித்தெடுப்பது. நூடுல்ஸும் கறியும் உப்பில்லாமல் வருவதால் சாற்றில் உப்பு சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். அதனோடு சாற்றிலேயே வெந்த நெஞ்சுக்கறி ஒரு வகை இருந்தால் நிறைவான கிண்ணம் ஆகிவிடும். பச்சைத் துண்டையும் நரம்பையும் கடைக்காரருக்கே விட்டுவிடலாம்.