வானரமுட்டிக்கும் உருளைகுடிக்கும் நடுவே

சோ. தர்மனின் ‘சூல்’ நாவலைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு கட்சிதான். ஒன்று, சூழலியல் காவியம் என்று கையெடுத்துக் கும்பிடுவது. இன்னொன்று, ஜமீனைத் தூக்கிப்பிடிக்கிற நாவல் என்று ஒதுக்கிவிடுவது. 2019-இல் சாகித்திய அகாதெமி விருது வந்ததும் முதல் கட்சிக்கு ஆள் கூடிவிட்டது. எனக்கென்னவோ இந்த நாவல் இலக்கியக் கூட்டத்தைவிட வேறொரு இடத்தில் நன்றாக வேலை செய்யும் என்று தோன்றுகிறது. சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில்.

சிரிக்காதீர்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருப்பது கோவில்பட்டி பக்கத்தில் உள்ள வானரமுட்டியில். நாவல் நடக்கிற உருளைகுடியும் அதே வட்டாரம்தான். பஸ் ஏறிப் போய்வரக்கூடிய தூரம்.

நம் ஊரில் பயிற்சி என்பது மேலிருந்து கீழே இறங்குவது. மாநில அளவில் கருத்தாளர்களைத் தயார் செய்வார்கள். அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்வார்கள், மாவட்டம் வட்டார வள மையத்துக்குச் சொல்லும், அங்கிருந்து குறுவள மையம். 2019-இல் வந்த நிஷ்டா திட்டமும் இதே படிக்கட்டில்தான் இறங்கியது. கொரோனாவுக்குப் பிறகு அது தீக்‌ஷா தளத்தில் வீடியோவாக மாறி, ஆசிரியர்கள் ஓடவிட்டுச் சான்றிதழ் எடுக்கிற சமாச்சாரமாகிவிட்டது. இந்தப் பயிற்சிகளில் ‘எப்படி’ நிறைய உண்டு: குழுச் செயல்பாடு, மனவரைபடம், சார்ட். ‘எது’ என்ற கேள்வியை யாரும் எடுப்பதில்லை. ஒரு பட்டதாரி ஆசிரியர் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் நடத்துகிறார். அவர் கல்லூரியில் படித்தது வரலாறாகவோ புவியியலாகவோ, ஏதோ ஒன்றுதான். 2018-இலிருந்து வந்த புதிய பாடநூல்களும் முந்தையவற்றைவிடக் கனமானவை. மீதிப் பாடங்களுக்கு அவர் எங்கே போவார்?

கரிசல் மண்ணையே எடுத்துக்கொள்வோம். தக்காண பீடபூமியில் எரிமலைக் குழம்பு உறைந்து, அந்தப் பாறை சிதைந்து கறுப்பு மண் ஆனது என்றுதான் நாமெல்லாம் படித்தோம். மகாராஷ்டிரத்துக்கு அது சரி. கோவில்பட்டிக்காரப் பிள்ளை எழுந்து, “சார், நம்மூர்ல எரிமல எங்க இருந்துச்சு?” என்று கேட்டால்? இங்கே மண்ணுக்கு அடியில் கிடப்பது எரிமலைப் பாறை இல்லை, அதைவிட மிகப் பழைய நைஸ் பாறை. குறைந்த மழை, சமதளம், வடியாத நீர், சுண்ணாம்புச் சத்து எல்லாம் சேர்ந்து, ஈரத்தில் ஊதிக் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிற களிமண் இங்கேயும் உருவாகியிருக்கிறது. 1901-லிருந்து கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இந்த மானாவாரி மண்தான் அவர்களுக்கு வேலையே. அங்கே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும், அந்தப் பிள்ளைக்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் பயிற்சிக் கையேட்டை வேறெங்கோ, எல்லா மாவட்டத்துக்கும் சேர்த்து எழுதுகிறார்கள்.

‘சூல்’ இந்தப் பள்ளத்தை நிரப்புகிற புத்தகம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் முதல் கட்சியில் சேர்ந்துவிடுவேன். நாவல் சொல்லும் கதை சுருக்கமாக இது: எட்டயபுரம் ஜமீன் காலத்தில் ஊரே கூடிக் கண்மாயைப் பராமரித்தது. நீர்ப்பாய்ச்சிக்கும் மடைக்குடும்பனுக்கும் மரியாதை இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் கைக்கு வந்ததும் கண்மாய் கெட்டது, சீமைக்கருவேலம் ஏறியது. கரைகளையும் மீன்களையும் மரங்களையும் தர்மன் எழுதும்போது எதிர்ப்பேச்சே எழாது. அவ்வளவு தெரிந்த மனுஷன். அந்த அறிவின் பலத்தில் அவருடைய வரலாற்றுத் தீர்ப்பும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. எனக்குச் சண்டை அங்கேதான்.

குடிமராமத்து சுதந்திரத்துக்கு வெகுமுன்பே தள்ளாடத் தொடங்கிவிட்டது. வழக்கமான கண்மாய் வேலைக்கு வராத குடியானவர்களிடம் பணம் வசூலிக்க 1858-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் போட வேண்டியிருந்தது. இதை ஜமீன் பகுதிக்கு அப்படியே பொருத்திவிடவும் முடியாது, அங்கே கணக்கு வேறு. டேவிட் மாஸ் 2003-இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ நம் தென்மாவட்டக் கண்மாய்களைப் பற்றியது. கண்மாய் நிர்வாகம் எப்போதும் அதிகாரத்தோடும் சாதியோடும் பின்னிக் கிடந்தது, ஊர் ஒற்றுமையின் பழைய சொர்க்கம் அல்ல என்பது அவர் வாதம். மடை திறக்க உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர் யார், முதல் தண்ணீர் யார் வயலுக்குப் போனது? நாவலுக்குள்ளேயே இதற்குத் தடயங்கள் உண்டு. தர்மன் அந்த மனிதருக்குத் தெய்வத்துக்குரிய இடம் கொடுக்கிறார். தெய்வமாக்கிவிட்டால் கூலி கேட்க முடியாது.

இந்த இடறலுக்காகத்தான் நாவலை ஆசிரியர்கள் கையில் கொடுக்கச் சொல்கிறேன். குறையே இல்லாத புத்தகத்தை வைத்து யாரும் சான்று ஆராயக் கற்க முடியாது. என் தொழிலிலும் கோட் ரிவ்யூவில் உட்கார்ந்துதான் வேலை படிந்தது, பவர்பாயின்ட்டில் இல்லை.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’மும் (1976) அப்படித்தான். துலுக்க ராஜா சென்னாதேவிமீது ஆசைப்பட்டதால் ஊரை விட்டு ஓடிவந்த கதையை மங்கத்தாயார் அம்மாள் சொல்கிறாள். தெலுங்கிலிருந்து வந்த பல சமூகங்கள் ஏறக்குறைய இதே கதையை வைத்திருக்கின்றன. இதை நடந்த வரலாறு என்று வகுப்பில் சொன்னால் ஒரு பிள்ளை தலைகுனிவான். கட்டுக்கதை என்று தள்ளினால் இன்னொரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வான். ஒரு கூட்டம் தன் இடப்பெயர்வை நினைவில் வைத்துக்கொண்ட விதம் இது என்று விளக்க நாற்பது நிமிடப் பீரியட் போதாது, பயிற்சி வேண்டும். கி.ரா. கிழவிக்குக் கதை சொல்லும் உரிமையை மட்டும் கொடுத்துவிட்டுத் தான் விலகி நிற்கிறார். தர்மனிடம் எனக்குக் குறைவது அந்த விலகல்.

பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) இன்னும் நெருப்பு. 1895 கழுகுமலை, 1899 சிவகாசி. அந்தக் கலவரங்களில் மோதிய சாதிகளின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தபோது, ஊரெல்லாம் கையில் கட்டும் கயிற்றைப் பற்றித்தான் பேச்சு. கழுகுமலையில் என்ன நடந்தது என்று எட்டாம் வகுப்பில் கேட்டால் சமூக அறிவியல் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றிப் பேச்சில்லை. அவருக்கு அதற்கு ஒரு நாள் பயிற்சிகூடக் கிடையாது. அவர் பாடத்தை வேகமாகத் தாண்டிப் போகிறார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

மத்தியப் பிரதேசத்தில் 1982-இல் தொடங்கிய ஏகலவ்யா அமைப்பு அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து சமூக அறிவியல் பாடங்களை எழுதியது. அவர்களே வகுப்பில் சோதித்து, திரும்பக் கூடித் திருத்தினார்கள். 2002-இல் அரசு ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தை இழுத்து மூடியது. நல்ல காரியங்கள் எங்கும் இப்படித்தான் போகின்றன. ஆனாலும் ஆசிரியரைப் பாடம் எழுதுகிறவராகப் பார்க்கலாம் என்று அது காட்டிவிட்டது.

வானரமுட்டியில் இரண்டு நாள் கிடைத்தால் நான் கேட்பது கொஞ்சம்தான். முதல் நாள் ‘சூ’லின் சில அத்தியாயங்கள், வாய்விட்டு. மறுநாள் காலை கண்மாய்க் கரை. கூடவே கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து ‘அ’ பதிவேடும் கிராம வரைபடமும். நாவல் பரந்து விரித்த நீர்ப்பரப்பு பதிவேட்டில் எத்தனை ஹெக்டேர்? ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இந்தக் கண்மாய் யார் பொறுப்பு? அதுதான் குடிமையியல். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன் யார் பொறுப்பு? அது வரலாறு. 2017-இல் தமிழக அரசு மறுபடி தொடங்கிய குடிமராமத்தின் போர்டு கரையில் நிற்கிறதா, அதில் எவ்வளவு தொகை எழுதியிருக்கிறது, வண்டல் எந்தப் பக்கம் போயிற்று? மதியத்துக்கு மேல் நிழலில் உட்கார்ந்து தர்மனோடு சண்டை. கருத்தாளராக ஊர்ப் பழைய நீர்ப்பாய்ச்சி ஒருவரை அழைக்கலாம், மதிப்பூதியம் கொடுத்து. ரசீதில் பதவி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அலுவலகத்தில் கேட்பார்கள்.