சிவப்புக் கம்பியும் மஞ்சள் கம்பியும்

காரின் முன்கண்ணாடியில் சிறு காமிரா ஒன்றை ஒட்டிவைத்து, வழியில் நிகழ்வதையெல்லாம் பதிவு செய்துகொண்டே போகும் வழக்கம் நம்மிடையே பரவி வெகுகாலம் ஆகிவிடவில்லை. ஆயினும் அதற்குள்ளாகவே, டேஷ் கேம் எனப்படும் அந்தக் கருவியை லைட்டர் சாக்கெட்டில் செருகிவிட்டுத் திருப்தியடையாமல், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கார்க் கதவைத் திறந்துபோட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து கிடந்தபடி, பியூஸ் பெட்டியிலிருந்தே அதற்கு நிரந்தரமாக மின்சாரம் இழுத்துக் கொடுத்துவிடும் சொந்தக் கைவேலை ஒன்றும் கூடவே வளர்ந்திருக்கிறது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கக் காண்கிறேன். கடைக்காரரின் கூலியை மிச்சப்படுத்திய சாமர்த்தியம் என்று மெச்சுகிறவர்கள் ஒரு கட்சி. கார் தீப்பற்றி எரிவதற்கு இதைவிடச் சுலபமான மார்க்கம் வேண்டியதில்லை என்று அஞ்சுகிறவர்கள் மற்றொரு கட்சி. ஒரே பெயரால் அழைக்கப்படும் இந்தக் காரியத்துக்குள் ஸ்வபாவத்தால் வேறுபட்ட இரண்டு காரியங்கள் அடங்கியிருப்பதை இரு கட்சியாருமே கவனிக்கத் தவறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஒன்றைப் புகழ்வதற்குரிய நியாயங்கள் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை.

கடையில் கிடைக்கும் ஹார்டுவயர் கிட் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். காரின் 12 வோல்ட்டைக் காமிராவுக்கு வேண்டிய 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து மூன்று கம்பிகள். கறுப்பு, காரின் இரும்பு உடலோடு சேரவேண்டிய எர்த். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் மின்வழியோடு சேர்ந்து, வண்டி விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்பதைக் காமிராவுக்குச் சொல்லவேண்டியது. மஞ்சள், சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேட்டரியின் தொடர்பு அறாத மின்வழியோடு சேரவேண்டியது. (எல்லாத் தயாரிப்பாளரும் இந்த நிறமுறையைப் பின்பற்றுவதில்லை, கிட்டோடு வரும் தாளைப் படிக்காமல் நிறத்தை நம்பிக் கைவைப்பவர் பின்னால் வருந்த நேரும்.) மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக்கிச் சாவிவழியிலேயே சேர்த்துவிட்டால், கார் ஓடும்போது காமிராவும் ஓடி, கார் நிற்கும்போது காமிராவும் நின்றுவிடும். மஞ்சளை அதற்குரிய தனிவழியில் சேர்த்தாலோ, உடையவர் வீட்டுக்குள் போய்த் தூங்கிய பிறகும் காமிரா கண்விழித்துக் காவல் இருக்கும். முன்னதை நான் சிவப்புக் காரியம் என்றும் பின்னதை மஞ்சள் காரியம் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

சிவப்புக் காரியத்தின் நன்மையைப் பற்றி அதிகம் வாதிக்கவேண்டியதில்லை. லைட்டர் சாக்கெட்டில் செருகிய கம்பி, கியர் போடும் கையில் சிக்குகிறது; வேகத்தடை ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகத் தளர்ந்து, நாம் அறியாத ஒரு கணத்தில் தொடர்பு விட்டுப்போகிறது; போனுக்குச் சார்ஜ் போடவேண்டும் என்று மனைவியோ மகனோ அதைப் பிடுங்கிவைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். என்றோ ஒருநாள் நேரப்போகும் விபத்துக்காக வைத்த சாட்சி, மனிதரின் ஞாபகத்தையும் ஒரு தளர்ந்த செருகியையும் நம்பி நிற்குமானால் அது அரைச் சாட்சிதான். கம்பியை மேற்கூரைத் துணிக்குள்ளும் தூணுக்குள்ளும் மறைத்து, சாவியோடு பிணைத்துவிட்ட பிறகு காமிராவை நாம் நினைக்கவேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது.

இதைச் சொந்தக் கையால் செய்வதற்கு என்ன விசேஷம் என்று கேட்கலாம். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், காருக்கு வேண்டிய சாமான்களை விற்று அங்கேயே பொருத்தியும் தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எந்த மாடலில் எந்தக் கிளிப் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இருட்டிலும் சொல்லக்கூடிய கைகள் அத்தகைய தொழிலாளிகளுடையவை. ஒரு பகல் முழுவதும் நான் தடவிக்கொண்டிருக்கும் வேலையை அவர்கள் அரைமணியில் முடித்துவிடுவார்கள். ஆனால் அரைமணியில் முடிக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தமே எந்த ஊரிலும் இந்தத் தொழிலின் குறை. மியூசிக் சிஸ்டத்தின் பின்னால் கைக்கு எட்டுகிற கம்பியின் தோலைச் சீவி, புதுக் கம்பியை அதன்மேல் முறுக்கி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால் காமிரா இயங்கத்தான் செய்கிறது. நம் ஊர் வெயிலில் அந்த டேப்பின் பசை இளகி, சுற்று அவிழ்ந்து, உள்ளே செம்பு வெளித்தெரிவது பின்னால் நடக்கிறது. தோல் சீவப்பட்ட கம்பியைக் காட்டி, மின்சாரப் பாகங்களுக்குரிய வாரன்டியை மறுக்கக் கம்பெனிக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. தன் காரைத் தானே பிரிப்பவருக்கு அவசரம் இல்லை. எதையும் சீவாமல், பியூஸ் பெட்டியிலேயே செருகி எடுக்கக்கூடிய பியூஸ் டேப் என்னும் சிறு சாதனத்தைத் தேடி வாங்க அவருக்குப் பொறுமை உண்டு. வேண்டாதபோது சுவடு தெரியாமல் உருவிவிடவும் முடியும். காசு மிச்சம் என்பது இதில் அற்ப லாபம்.

ஆனால் பொறுமை வேறு, ஞானம் வேறு. பியூஸ் டேப் என்பது பார்வைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் போலிருந்தாலும், அதை எந்தப் பக்கமாகச் செருகுவது என்ற கேள்வி சொந்தக்கையர்களில் பலர் கேட்டுக்கொள்ளாத கேள்வி. பியூஸைப் பிடுங்கிய குழியில் இரண்டு பற்கள் இருக்கும். ஒன்றில் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்து நிற்கும், மற்றொன்றிலிருந்து அது கருவிக்குப் போகும். பியூஸ் டேப்பில் பழைய பியூஸுக்கும் காமிராவுக்கான புதிய பியூஸுக்கும் பொதுவான கால் எதுவோ அது, மின்சாரம் வந்து நிற்கும் பல்லில் இறங்கவேண்டும். அப்போதுதான் இரண்டு பியூஸ்களும் தத்தம் வழியைத் தனித்தனியே காக்கும். திருப்பிச் செருகினாலும் காமிரா இயங்கும். ஆனால் அதன் மின்சாரமும் பழைய பியூஸ் வழியாகவே பாய்வதால், அந்த ஒரு பியூஸ் இரு சுமையையும் தாங்கவேண்டியதாகும். இயங்குகிறது என்பதைச் சரியாயிருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதுதான் இந்தச் சொந்தக் கைவேலையின் மூலப்பிழை. நூறு ரூபாய்ச் சாமானாயினும் ஒரு மல்டிமீட்டர் கையில் இல்லாதவர் இதில் இறங்கலாகாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதனாலேயே. பியூஸ் இருப்பது காமிராவைக் காப்பதற்கு என்று நினைப்பதும் இதே இனத்துப் பிழை. பியூஸ் காப்பது கம்பியை. மெல்லிய கம்பிக்கு 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் போடவேண்டிய இடத்தில், கையிலிருந்த நீல நிறத்து 15 ஆம்பியரைப் போட்டுவிட்டால், கம்பி நசுங்கி எர்த்தைத் தொடும் நாளில் பியூஸ் போவதற்கு முன் கம்பி பழுக்கும். எர்த் விஷயத்திலோ பிழை இன்னும் எளியது: பெயின்ட் பூசிய போல்ட்டிலும் பிளாஸ்டிக்கில் இறங்கிய திருகாணியிலும் கறுப்புக் கம்பியை மாட்டிவிட்டு, காமிரா கெட்டுப்போயிற்று என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

உண்மையான அபாயம் பியூஸ் பெட்டியைவிட, முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தத் தூணின் பிளாஸ்டிக் உறைக்குள் வெறும் காற்றுதான் இருந்தது. கம்பியை எப்படித் திணித்தாலும் பாதகமில்லை. இப்போதோ, முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானதோடு நில்லாமல், சிறு கார்களில்கூட ஆறு ஏர்பேக்குகள் வருகிற காலம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மேற்கூரை ஓரமாக மடிந்து, தூணின் தலைப்பு வரை வந்து கிடக்கிறது. மோதலின்போது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அது வெடித்து விரியவேண்டிய பாதையின் குறுக்கே ஒரு கம்பி கிடந்தால், விரிவது தடைப்படலாம், அல்லது உறை பிய்ந்து முகத்தை நோக்கி வரலாம். ஆகவே கம்பி ஏர்பேக்குக்குப் பின்புறமாக, ஏற்கனவே உள்ள கம்பிக்கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டு இறங்கவேண்டும். இதில் விந்தை என்னவென்றால், ஏர்பேக் மின்வழியைத் தொடாதே என்று எச்சரிப்பதற்காகக் கார் செய்கிறவர்கள் அதன் செருகிகளுக்குத் தீட்டிவரும் நிறம் மஞ்சள். கார் ரேடியோக் காலத்திலிருந்தே எப்போதும் மின்சாரம் நிற்கும் கம்பிக்கு வழங்கிவரும் நிறமும் மஞ்சள். ஒரே நிறம் ஒரு பக்கம் வா என்கிறது, மறுபக்கம் விலகு என்கிறது. பழைய அனுபவசாலிகளின் கையும் இங்கே முழு நம்பிக்கைக்கு உரியதன்று. அவர்கள் தொழில் பழகியது தூண் வெறுமையாக இருந்த காலத்தில்.

இனி மஞ்சள் காரியம். இங்கே கைத்திறன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பிழை கணக்கிலேயே புகுந்துவிடுகிறது. பதிவு செய்யும் காமிரா ஏறக்குறைய 3 வாட் உண்ணும் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது கால் ஆம்பியர். ஒருநாளைக்கு 6 ஆம்பியர்-மணி. சிறு பெட்ரோல் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவினது. ஆகவே மூன்று நாளில் பாதி காலி. உறங்கும் கார் தன் கடிகாரத்துக்கும் பூட்டுக்கும் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்கு மேற்படாது. அந்த வீட்டில் ஐந்து மடங்கு உண்கிற விருந்தாளியை நாமே அழைத்துவந்து குடிவைக்கிறோம். அதோடு, காரின் பேட்டரி சில விநாடிகள் பெருஞ்சக்தியைக் கொடுத்து எஞ்சினைச் சுழற்றிவிட்டு, உடனே ஆல்டர்னேட்டரால் நிரம்பிக்கொள்வதற்காக மெல்லிய தகடுகளால் ஆக்கப்பட்டது. அதை மெதுவாக ஆழம்வரை வற்றடிப்பது, ஓட்டப்பந்தயக்காரனை மூட்டை சுமக்கவிடுவது போன்றது. தகடுகளில் சல்பேட் படிந்து, நாலு வருஷம் உழைக்கவேண்டிய பேட்டரி இரண்டிலேயே ஓய்ந்துபோகும்.

இதற்குப் பரிகாரமாகத்தான் கிட்டில் வோல்ட்டேஜ் வரம்பு வைத்திருக்கிறார்களே என்பார்கள். வரம்பு உண்டு, ஆனால் 11.6, 11.8 என்றெல்லாம் அதில் வைத்திருக்கும் எண்களைப் பார்த்தால், அது யாருடைய நன்மைக்காக வைத்தது என்ற சந்தேகம் எழுகிறது. ஓய்வில் இருக்கும் நிறைபேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 12.2 காட்டும்போது ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் கால்பங்கும் மிஞ்சாது. 11.6-இல் கதவடைப்பது, வீடு காலியான பிறகு திருடனைத் தடுப்பது. வரம்பை 12.4-க்கு உயர்த்தி வைக்கலாம். அப்போது காவல் நெடுநேரம் நீடிக்காது. மேலும் வயதான பேட்டரி, வோல்ட்டில் இளமை காட்டிச் சக்தியில் ஏமாற்றும் வித்தை அறிந்தது.

இதை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. ஒரு கலியாணத்துக்காக ஆறு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, வாசலில் நின்ற கார் சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று பல்லிக்குரல் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் கேபிள் கொண்டுவந்து தம் காரிலிருந்து உயிரூட்டிய பின், இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காவலில் என்னதான் பதிவாகியிருக்கிறது என்று மெமரி கார்டைப் பார்த்தேன். வேப்பமரத்தின் நிழல் அசைந்திருந்தது. பானெட்டின்மேல் ஒரு பூனை, வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு பக்கமாகப் படுத்திருந்தது. கிட்டின் வரம்பு, தயாரிப்பாளர் வைத்த 11.6-இலேயே இருந்தது; அதை மாற்றாதது என் குற்றம்.

மஞ்சள் காரியத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிடுவதும் சரியன்று. தெருவோரமே கொட்டகையாகக் கொண்டவர்கள், காலையில் வந்து பார்க்கும்போது கதவு நசுங்கிக் கிடக்க, யார் செய்தது என்று தெரியாமல் நின்றவர்கள், இதன் அருமை அறிவார்கள். தென் கொரியாவில் விமானத்துக் கருவியின் பெயரால் பிளாக் பாக்ஸ் என்றே இதை அழைத்து, நிறுத்திய காரைக் காக்கும் வேலையையும் சாதாரணமாக இதனிடம் ஒப்படைக்கிறார்கள். ஆனால் சாட்சியாக நிற்கவேண்டிய வேளையில் இந்த நிரந்தர இணைப்பே எதிராகத் திரும்பக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. கார்டு நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போவது இக்கருவியின் தர்மம். விபத்து நடந்த உடனே சாக்கெட்டிலிருந்து செருகியைப் பிடுங்கிவிட்டால் பதிவு அப்படியே நிற்கும். தூணுக்குள் மறைந்து பேட்டரியோடு பிணைந்த காமிராவோ, அதிர்ச்சியை உணர்ந்து அந்தத் துண்டைத் தானே பூட்டிவைக்காவிட்டால், போலீஸ் நிலையத்து வாசலில் நிற்கும்போதும் தன் சாட்சியத்தைத் தானே அழித்துக்கொண்டிருக்கும். நம் நாட்டில் முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்டுவந்த சான்றிதழை, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, பதிவின் விரல்ரேகை போன்ற ஹாஷ் மதிப்போடு சேர்த்துக் கேட்கிறது. அசல் கார்டைப் பத்திரமாகக் கழற்றி வைத்தல் அவ்வளவுக்கு முக்கியம்.

மற்றவர்களின் அந்தரங்கம் பற்றிய கேள்வியும் சிவப்பைவிட மஞ்சளையே அதிகமாகத் தொடுகிறது. ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2018 மே 15-இல், இத்தகைய காமிராவின் பதிவை வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தபோதே, காரணமின்றி இடைவிடாது பதிவு செய்வது அந்நாட்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம் என்றும் சேர்த்தே சொல்லிற்று. எதிர்வீட்டுத் திண்ணையை நோக்கி இரவெல்லாம் விழித்திருக்கும் கண்ணைப் பற்றி நம் தெருக்காரர்கள் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

நிறுத்திய காரைக் காத்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு, ஓடும்போது நிரம்பிக்கொண்டு நிற்கும்போது காமிராவுக்கு மட்டும் கொடுக்கும் தனி லித்தியம் பேட்டரிகள் வந்திருக்கின்றன. விலை அதிகம், ஆனால் கணக்கு நேர்மையானது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் 60 டிகிரி எட்டுவது அரிதன்று ஆகையால், காமிராவாவது உள்ளே லித்தியம் செல் இல்லாமல் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்ததாக இருக்கட்டும்; பகலெல்லாம் கண்ணாடியில் ஒட்டி வேகப்போவது அதுதான்.

கலியாணத்துக்குப் போய்த் திரும்பியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்து, மஞ்சளை அதன் குழியிலிருந்து உருவிச் சிவப்போடு சேர்த்துவிட்டேன். எந்தக் குழியில் எது இருக்கிறது என்று எழுதிய சீட்டு ஒன்றைப் பியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருந்தேன். அதில் மஞ்சளுக்குரிய வரியை அடித்துவிட்டுத் தேதி போட்டேன். பூனை இன்னமும் பானெட்டின்மேல்தான் படுக்கிறது. விடியற்காலையில் அதன் காலடித் தூசு தெரிகிறது.