விராலடிப்பான் கூட்டில் ஒரு காமிரா

புத்தகத்தை விமரிசிக்கிறோம், திரைப்படத்தை விமரிசிக்கிறோம். ஒரு பறவைக் கூட்டுக்கு மேலே பொருத்தியிருக்கும் காமிராவை விமரிசிக்க முடியுமா? முடியும், விமரிசிக்கவும் வேண்டும் என்பது என் கருத்து. அதுவும் சிலவற்றைக் காட்டுகிறது; சிலவற்றை விட்டுவிடுகிறது. எங்கே நின்று பார்ப்பது என்பதை நமக்காக வேறொருவர் முடிவு செய்திருக்கிறார்.

நான் சொல்வது, விராலடிப்பானின் கூட்டைக் காட்டும் நேரடிக் காமிராக்களைப் பற்றி. பிரிட்டன், அமெரிக்கா, எஸ்டோனியா முதலிய நாடுகளில் இப்பறவை கூடு கட்டும் மரங்களிலும் கம்பங்களிலும் காமிராவைப் பொருத்தி, இரவு பகலாக இணையத்தில் ஒளிபரப்புகிறார்கள். கைப்பேசி இருந்தால் லால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம்.

முதலில் பறவையைப் பற்றிச் சிறிது. மீனைத் தவிர வேறெதையும் அநேகமாகத் தின்னாத வேட்டைப் பறவை இது. எடை சுமார் ஒன்றரைக் கிலோ. சிறகை விரித்தால் முனைக்கு முனை ஒன்றரை மீட்டருக்கும் மேல். மேற்புறம் பழுப்பு, அடிப்புறம் வெண்மை, கண்ணை ஒட்டி ஒரு கரும்பட்டை. காலின் வெளிவிரலைப் பின்னோக்கித் திருப்பிக்கொள்ளும். ஆகவே முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று விரல்களை வைத்து மீனை இடுக்கிப் பிடிக்கிறது. பாதத்தின் அடியில் முள் போன்ற சொரசொரப்பு இருப்பதால் வழுக்கும் மீனும் நழுவுவதில்லை. இதற்குத் தமிழில் வழங்கும் பெயரும் கவனிக்கத்தக்கது. விரால் மீனுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றை விழுங்க அது நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். இந்தப் பறவையோ ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் மீனைத்தான் பிடிக்க வல்லது. பெயர் வைத்தவர் ஏரிக்கரையில் நின்று பார்த்தவராகவே இருக்க வேண்டும்.

இப்பறவை நமக்குக் குளிர்கால விருந்தாளி. வீராணம் போன்ற பெரிய ஏரிகளிலும் பிச்சாவரம் போன்ற கழிமுகங்களிலும் தேடிப் பார்க்க வேண்டிய பறவை. ஆனால் தமிழ்நாட்டில் அது கூடு கட்டுவதில்லை. ஆகவே, அதன் குடும்ப வாழ்க்கையை நாம் காண வழியே இல்லாதிருந்தது. காமிரா அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆண் பறவை மீனின் தலைப்பகுதியைத் தான் தின்றுவிட்டு மிச்சத்தைக் கொண்டுவருவதையும், பெண் பறவை அதைக் கிள்ளிக் கிள்ளிக் குஞ்சின் அலகில் வைப்பதையும் ஒரு முழம் தூரத்தில் இருப்பதுபோல் பார்க்கிறோம். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முட்டைகள். அடைகாலம் சுமார் 37 நாள். முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை, ஒன்றுக்கொன்று ஓரிரு நாள் இடைவெளி உண்டு. அந்த ஓரிரு நாள் மூப்பு மூத்த குஞ்சுக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதைப் பாடநூல் ஒரு வரியில் சொல்லிவிடும். காமிராவில் பார்ப்பவருக்கு அது மறக்காது.

இந்தக் காமிராக்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. ஸ்காட்லாந்தில் முட்டை திருடுவோராலும் வேட்டையாடுவோராலும் 1916ஆம் ஆண்டளவில் இப்பறவை கூடு கட்டுவது நின்றுபோயிற்று. 1954இல் லாக் கார்ட்டன் ஏரிப் பகுதியில் ஓர் இணை திரும்பி வந்தது. இரகசியமாகக் காவல் காத்தார்கள். காவல் இருந்தும் 1958இல் ஒருவன் இரவில் மரமேறி முட்டைகளைக் கவர்ந்தான். அடுத்த ஆண்டு பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் நேர்மாறான வழியில் சென்றார்கள். தொலைநோக்கிகளை வைத்து, மறைவிடம் அமைத்து, கூட்டைப் பார்க்கப் பொதுமக்களை அழைத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வந்தனர். ஒளித்துக் காப்பதை விட்டு, காட்டிக் காத்தார்கள். இன்றைய காமிரா அந்த மறைவிடத்தின் நீட்சியே. அதனிடம் எனக்குள்ள முதல் மரியாதை இதற்காகத்தான்.

இனிக் குறைகள்.

காமிரா கூட்டை மட்டும் பார்க்கிறது. கூடு பெண் பறவையின் இடம். ஆணின் இடம் நீர். ஆகவே திரையில் ஆண் பறவை சில விநாடி தோன்றி, மீனைப் போட்டுவிட்டு மறைகிறது. பாய்ந்து பாய்ந்து பலமுறை தவறியது, நனைந்த சிறகை உதறியது, தன் எடையில் பாதியளவு மீனைக்கூடக் காற்றை எதிர்த்துத் தூக்கி வந்தது, இவை எதுவும் சட்டகத்துக்குள் இல்லை. இந்த ஆண் சோம்பேறி என்று முடிவு கட்டும் பார்வையாளர்கள் இருக்கிறார்கள்! நாடகத்தில் போர் மேடைக்கு வெளியே நடக்கும். தூதன் ஒருவன் ஓடிவந்து செய்தி சொல்வான். இங்கே தூதனும் இல்லை, மீன் மட்டும் வருகிறது.

அடுத்தது பெயர் சூட்டல். வேல்ஸ் நாட்டில் டவ்வி ஆற்றின் கழிமுகத்தருகே உள்ள கூடு மிகப் புகழ் பெற்றது. அங்கே 2011 முதல் இருந்த ஆணுக்கு மான்ட்டி என்று பெயர். அதன் இணை நோரா. 2013இல் நோரா திரும்பி வரவில்லை. அந்தப் பருவத்திலேயே கிளெஸ்னி என்ற பெண் அவ்விடத்தைப் பிடித்தது. 2018இல் கிளெஸ்னி வரவில்லை, டெலின் வந்தது. 2020இல் மான்ட்டியே வரவில்லை. டெலினுடன் இட்ரிஸ் என்ற ஆண் சேர்ந்துகொண்டது. பெயர்களைக் கேட்டால் இது ஒரு தொடர்கதை போலத் தோன்றும். விதவை, துரோகம், மறுமணம் என்றெல்லாம் நம் மனம் ஓடும். உண்மை வேறு. இப்பறவைகளின் பற்று முதலாவதாகக் கூட்டின் மீது. இணைகள் குளிர்காலத்தைச் சேர்ந்து கழிப்பதில்லை. ஆணும் பெண்ணும் தனித்தனியே புறப்பட்டு, தனித்தனியே திரும்பி, அதே கூட்டில் சந்திக்கின்றன. ஒன்று வரவில்லையென்றால் இடம் காலியாக இருப்பதில்லை. பெயர் அடையாளத்துக்கு உதவும் என்பது சரியே. ஆனால் காலில் மாட்டிய வண்ண வளையத்தின் எழுத்தும் எண்ணும் அதே வேலையைச் செய்கின்றன. அவை நம்மை அழவைப்பதில்லை.

அழுகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரு நிகழ்ச்சிகள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிறுவனம் ஒரு கூட்டைக் காட்டிவந்தது. 2014இலும் 2015இலும் தாய்ப் பறவை குஞ்சுகளைச் சரியாகப் பேணாமல், கொத்தவும் செய்தது. பார்த்தவர்கள் கொதித்தனர். குஞ்சுகளை எடுத்துக் காப்பாற்றுங்கள் என்று கடிதங்கள் குவிந்தன. சில கடிதங்களின் தொனி மிரட்டலாகவே இருந்தது. 2016இல் நிறுவனம் காமிராவை இயக்கவில்லை. கூட்டில் நடப்பது நின்றுவிட்டதா? இல்லை, பார்ப்பது மட்டுமே நின்றது.

இரண்டாவது, நாம் சொன்ன டவ்விக் கூட்டில் 2012இல் நடந்தது. ஜூன் மாதத்துப் புயல் மழையில் மூன்று குஞ்சுகளில் இரண்டு இறந்தன. மூன்றாவதும் சாகும் நிலையில் இருக்க, பொறுப்பாளர்கள் ஏறிச் சென்று அதற்கு மீன் ஊட்டினார்கள். குஞ்சு பிழைத்தது. கெய்லன் என்று பெயரிட்டு, முதுகில் செயற்கைக்கோள் கருவியையும் கட்டி அனுப்பினார்கள். அது தன்னந்தனியாக ஆப்பிரிக்காவின் செனகல் வரை பறந்து சென்று, அவ்வாண்டு இறுதிக்குள் ஒரு மீன் பண்ணையின் மேல் விரித்த வலையில் சிக்கி இறந்தது. ஊட்டியது சரியா தவறா என்று நான் தீர்ப்பளிக்க வரவில்லை. அழிவின் விளிம்பிலிருந்து மீண்டுவரும் ஓர் இனத்தில் ஒரு குஞ்சுக்கும் மதிப்புண்டு. நானாக இருந்தாலும் ஏறியிருப்பேன். நான் சொல்வது இதுதான்: புயல் திரையில் தெரிந்தது, வலை தெரியவில்லை. தெரிந்ததற்கே மனம் இரங்கினோம்.

தெரியாததே பெரிய ஆபத்தாக இருப்பது புதிதன்று. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இப்பறவைகள் வேகமாகக் குறைந்தன. அன்று ஒரு காமிரா இருந்திருந்தால் தாயின் உடல் அழுத்தத்தில் முட்டை நொறுங்குவதைக் காட்டியிருக்கும். டி.டி.டி. மருந்து வயலிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் ஏறி ஓட்டை மெலியச் செய்ததைக் காட்டியிருக்காது. அதை ஓட்டின் தடிமனை அளந்தும் இரசாயனப் பரிசோதனை செய்தும்தான் கண்டுபிடித்தார்கள். 1972இல் அந்நாட்டில் டி.டி.டி. தடைசெய்யப்பட்டது, பறவைகள் மெல்லப் பெருகின.

அப்படியானால் காமிராவை எப்படிப் பார்ப்பது? ‘சிறந்த காட்சிகள்’ என்று வெட்டி ஒட்டித் தருகிறார்களே, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவை சண்டையையும் சாவையும் தொகுத்துத் தருபவை. எதுவும் நடக்காத நேரடி ஒளிபரப்பைப் பாருங்கள். கோடையில் வேல்ஸ் நேரம் நம்மைவிட நாலரை மணி பின்தங்கியது. நீங்கள் பள்ளி முடிந்து மாலை 5 மணிக்குப் பார்த்தால் அங்கே பகல் 12.30. ஒரு நோட்டில் தேதி, மீன் வந்த மணி, மீனின் ஏறத்தாழ அளவு, எந்தக் குஞ்சு முதலில் தின்றது என்று எழுதி வாருங்கள். விளக்கவுரை ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் இருக்கும்; அது புரியாததால் நட்டம் அதிகமில்லை. இரண்டு வாரத்தில் ஆண் பறவையின் உழைப்பு, மேடைக்கு வெளியே நடப்பது, உங்கள் நோட்டில் எண்களாக வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். வேல்ஸ் கூட்டில் பார்க்கும் குஞ்சு வீராணத்துக்கு வரப்போவதில்லை. பிரிட்டனின் பறவைகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன. நம்மிடம் வருபவை ஆசியாவின் வடபகுதியிலிருந்து. லால்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கும் ஒரு செய்தி. அபுதாபியைச் சேர்ந்த தீவுகளில் இதே பறவை மரமில்லாத தரையிலேயே கூடு கட்டி, குளிர்காலத்தில் முட்டையிடுகிறது.

வடக்கே கூடுகளில் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரைதான் காட்சி. பிறகு பெண், குஞ்சுகள், ஆண் எல்லாம் போய்விட, காமிரா வெறுங் கூட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பின் வடகிழக்குப் பருவமழை. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றில் வரும் நீரும் மழைநீரும் சேர்ந்து வீராணம் நிறையும் காலம். காமிரா எந்த நாளும் காட்டாத பாய்ச்சலை அப்போது கரையில் நின்று தேடலாம். செம்பருந்தும் மீன் எடுக்கும். ஆனால் அது நீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தபடி மேலாகக் கவ்விச் செல்லும். விராலடிப்பான் அந்தரத்தில் நின்று சிறகடித்து, கால்களை முன்னே நீட்டித் தண்ணீருக்குள் தடாலென்று விழும். எழும்போது மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிக்கொள்ளும். காற்றின் எதிர்ப்பு அதனால் குறைகிறது. ஏரியின் பெரிய கரை கிழக்குப் பக்கம். ஆகவே காலையில் போங்கள். வெயில் முதுகுப்புறம் இருக்கும், நீர்ப்பரப்பு முழுதும் தெளிவாகத் தெரியும்.