அச்சமும் பெருமிதமும்

பகைவர் பெருகினால் அச்சமும் பெருகுமோ? கப்கொம் நிறுவனத்தாரின் ‘றெசிடென்ற் ஈவில்’ என்னும் கணினி விளையாட்டுத் தொடர் இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

1996 இல் வெளிவந்த முதற் பாகத்திற் பகைவருட் பெரும்பாலன தளர்நடைப் பிணங்களே. அவற்றினின்றும் ஓடித் தப்புதல் அரிதன்று. ஆயினும் ஆடுவோன் நெஞ்சு நடுங்கும். மாளிகையின் வழிகள் குறுகியவை; குண்டுகள் சிலவே; ஆட்டநிலையைப் பதிந்துவைக்க உதவும் தட்டச்சு நாடாவும் அளவுபட்டதே. தன் கையின் வறுமையே ஆங்கு அச்சத்தை விளைத்தது என்க.

1999 இல் வந்த மூன்றாம் பாகம், கதவைக் கடந்தால் உய்ந்தோம் என்னும் ஆறுதலையும் பறித்தது. நெமெசிஸ் என்னும் பகைவன் அறைக்கு அறை தொடர்ந்து ஓடிவருவான். 2005 இல் வந்த நான்காம் பாகத்திலோ, கோடரி ஏந்திய ஊரார் கூட்டமாய்ச் சூழ்வர். விரைவு மிகவே குண்டும் மிகுந்தது. வீழ்ந்த பகைவரே அதனை விட்டுச் செல்வர். எனினும், நின்றே சுடவேண்டும் என்னும் விதி அச்சத்தை ஓரளவு காத்தது. 2012 இல் வந்த ஆறாம் பாகத்தில் அவ்விதியும் நீங்கிற்று.

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சமும் ஒன்று, பெருமிதமும் ஒன்று. நான்காம் பாகம் இரண்டினையும் ஒருங்கே நிறுத்தியமை அதன் சிறப்பு. ஆறாம் பாகம் பெருமிதத்தையே நாடி அச்சத்தை இழந்தமை அதன் குறை. 2017 இல் வந்த ஏழாம் பாகம் ஆடுவோனை மீண்டும் ஒரு பாழ்வீட்டினுள், ஒரு குடும்பத்தாரிடை அடைத்தது. பகைவரைப் பெருக்குதலினும் ஆடுவோன் கையைச் சுருக்குதலே அச்சத்திற்கு வழியென அதனை ஆக்கியோர் உணர்ந்தனர் போலும்.